உயிர் பன்னிரண்டு

தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவளுக்கு வேலை. பழக்கடைத் தராசிலிருந்து நகைக்கடைத் தராசு வரை எல்லாம் அவள் மேசைக்கு வந்துதான் தெருவுக்குப் போகும். சோதனைக்கான எடைக்கற்களை விரலால் தொடமாட்டாள். விரலின் பிசுக்கும் எடையில் சேர்ந்துவிடும் என்று இடுக்கியால்தான் எடுப்பாள். பதினைந்து வருஷம் இப்படி இருந்தால் மனுஷிக்கு எதைப் பார்த்தாலும் இரண்டு தட்டாகத்தான் தெரியும். ஒரு தட்டு மயிரிழை தாழ்ந்தாலும் மனசு கேட்காது.

அப்படிப்பட்டவளின் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. காரணம் அவளுடைய கொழுந்தன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்த மேசையில் ஒரு கதையாட்டம் நடக்கும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். அவ்வளவுதான் ஆட்டம். கதை சொல்வது அவள் என்பதால் மேசையில் அவளுக்குக் கதைக்காரி என்று பெயர். லிப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், இரும்பன் என்ற வாள்வீரன். கீழ்வீட்டு மருந்துக்கடை அக்கா வில்லாளி. அம்புகளை மாத்திரை எண்ணுவதுபோல எண்ணித்தான் செலவழிப்பாள். கொழுந்தன், மௌனி என்ற மந்திரவாதி.

பெயர்தான் மௌனி. இரும்பன் உறையிலிருந்து வாளை உருவுவதற்குள் மௌனி ஒரு வார்த்தை சொல்வான். எதிரே நின்ற பூதம் சாம்பலாகிவிடும். பூட்டிய கோட்டையா, ஒரு வார்த்தை. பொங்கி வரும் ஆறா, ஒரு வார்த்தை. வாள்வீரனுக்கு மிச்சம் இருந்தது சாம்பலைக் கூட்டி அள்ளுகிற வேலை. புருஷன் குறை சொல்கிற ஆள் இல்லை. மேசையின் ஒரு கால் கொஞ்சம் ஆடும். அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போனபிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினான். ஞாயிறு டூட்டிக்கு விருப்பம் தெரிவிக்கும் படிவம்.

"அவன் ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் முடிஞ்சுது. நான் எதுக்கு, வாளைத் துடைக்கவா? அடுத்த ஆட்டம் முடியட்டும். அப்புறம் இதக் குடுத்துடறேன்" என்றான்.

விஷயம் ஆட்டத்தோடு நிற்பதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாமனாருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனது. கொழுந்தன் அப்போது இரண்டு நாள் பயண தூரத்தில் வேலையில் இருந்தான். பதறியடித்துக்கொண்டு தனியாகக் கிளம்புவான், டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று புருஷன் ஒரு நாள் தள்ளிப் போன் செய்தான். அந்த ஒரு நாள் தள்ளிப்போனதில், தம்பி வந்துசேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. வந்து இறங்கியவன் வாசலிலேயே நின்று, "நீ எனக்கு அண்ணனே இல்ல" என்றான். அன்றிலிருந்து அந்தச் சொல்லை அவன் வாயில் எடுக்கவில்லை. அவளை மட்டும் அண்ணி என்பான். அண்ணன் இல்லாமல் அண்ணி எங்கிருந்து முளைத்தாள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அதுவும் போய்விடுமோ என்று பயம்.

இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைக்க அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதுவும் இந்த ஆட்டத்தின் பெயரால்தான். மேசையில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். வாள்வீரனும் மந்திரவாதியும் பேசிக்கொள்வார்கள். "வாள்வீரர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவாரா?" "மந்திரவாதிக்கு டீயில சர்க்கரை வேணுமா?" கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு அதுவே பெரிசு. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்களே. அந்தப் படிவம் மேலதிகாரி கைக்குப் போனால் அதுவும் இல்லை. அப்புறம் இந்த இரண்டு பேரும் சந்திக்க இன்னொரு சாவு விழவேண்டும்.

எனவே மந்திரவாதியின் தட்டை மேலே தூக்கியாக வேண்டும். ஆட்டப் புத்தகத்தில் இருக்கும் விதிகள் போதாதபோது வீட்டுக்கு வீடு சொந்தமாகச் சட்டம் போட்டுக்கொள்வது உண்டு. அவள் ஒரு தாளில் 'வீட்டுச் சட்டங்கள்' என்று தலைப்பிட்டு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். நாளைக்கு ஒரு மந்திரம்தான் என்று முதல் சட்டம். சூரியன் மறைந்தால் நாள் முடிந்ததுதானே என்று மௌனி சூரியனை ஒரு மேகத்தால் பத்து தடவை மறைத்தான். மந்திரத்துக்குப் பொருள் வேண்டும், வௌவால் இறக்கை வேண்டும் என்று இரண்டாம் சட்டம். அவன் ஒரு குகையையே குத்தகைக்கு எடுத்தான். அவள் தடுக்கில் பாய்ந்தால் அவன் கோலத்தில் பாய்ந்தான். கொழுந்தனுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் கமா. ஒரு வாக்கியத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிற ஆளிடம் சட்டம் எழுதிக் காட்டினால் வேறென்ன நடக்கும்?

கடைசியில் யோசித்து யோசித்து ஒன்றை எழுதினாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு; அடிபட்டால் குறையும், தீர்ந்தால் ஆள் காலி. மௌனிக்கு இருந்தது பன்னிரண்டு. மந்திரத்துக்கு விலையாக அதைத் தொட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். தாளில் இடம் குறைவு, கையும் வலித்தது. உயிர்ப்புள்ளியில் புள்ளியை விட்டுவிட்டாள்.

'பெருமந்திரம் ஒன்றுக்கு மந்திரவாதி தன் உயிரில் ஒன்றை இழப்பான். இழந்தது இந்த ஆட்டம் முடியும்வரை திரும்பாது. மந்திரவாதிக்கு உயிர் பன்னிரண்டு.'

கமா பெட்டிக் கதவுக்கு முன்னால் நின்று அதை இரண்டு முறை படித்தான். அவன் முகத்தில் பூத்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எங்கோ ஓட்டை விட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"அண்ணி, உயிர் பன்னிரண்டு. ஒண்ணாங்கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தாங்களே. அ, ஆ, இ, ஈ. ஒரு மந்திரத்துக்கு ஒரு எழுத்து. தாராளமா எடுத்துக்குங்க."

அவள் பேனாவைத் தேடினாள். புள்ளி என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. அப்போதுதான் புருஷன் சிரித்தான். பல மாதமாகக் கேட்காத சிரிப்பு. "இருக்கட்டும். அப்படியே ஆடலாம். மந்திரவாதி எத்தன நாள் தாங்கறார்னு பாக்கலாம்" என்றான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

சட்டத்தை நால்வரும் பேசி இறுக்கினார்கள். மேசையில் இருக்கும்வரை போன உயிர் தனியாகவும் வரக்கூடாது, மெய்யின்மேல் ஏறிக்கொண்டும் வரக்கூடாது. 'ஓ' போனால் 'போ'வும் போச்சு. எழுத்தில் எப்படி என்பது கணக்கில்லை, காதில் விழுவதுதான் கணக்கு. வாய்தவறி வந்துவிட்டால் ஏற்கெனவே போட்ட மந்திரத்தில் ஒன்று அறுந்துவிடும். மருந்துக்கடை அக்கா ஒரு மாத்திரை அட்டை கொண்டுவந்தாள். உள்ளே இருந்தது இருமல் மிட்டாய். பத்துக் குழி அட்டையோடு இன்னும் இரண்டு குழியை வெட்டி ஒட்டி, முதுகுப்பக்க வெள்ளித்தாளில் குழிக்கு ஒன்றாக அ முதல் ஔ வரை எழுதியிருந்தாள். எழுத்து போகும்போது அந்த மிட்டாயை அமுக்கி வெளியே தள்ளிவிடுவாள்; எழுத்து நிஜமாகவே கிழிந்துபோகும். நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கணமே சொல்கிறதே, எனக்கு இன்னும் மிட்டாய் வேண்டுமே என்று அவள் அன்றைக்குப் போட்ட கடி ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை.

புது ஆட்டம் தொடங்கியது. அடியில்லாத பள்ளத்தின்மேல் பன்னிரண்டு சங்கிலிகளில் தொங்கும் ஒரு நகரம். சங்கிலிகள் துருப்பிடித்துவிட்டன. ஒவ்வொன்றாக அறும். அறுகிற சங்கிலியை மௌனி ஒரு பெருமந்திரத்தால் பிடித்து நிறுத்தலாம். ஒன்று விட்டுப்போனாலும் நகரம் விழும். அந்தப் பள்ளத்தில் எப்போதும் பேய்க்காற்று. அந்தக் காற்றில் ஒருவருக்கு ஏதாவது சொல்லவேண்டுமானால் முதலில் அவரைப் பெயரோ முறையோ சொல்லி அழைக்கவேண்டும். அழைக்காமல் சொன்னது காதில் விழாது. காற்றுக்கு ஒரு குணம் வேண்டுமே என்று அவள் போகிறபோக்கில் வைத்த விதி அது. உள்நோக்கம் ஒன்றும் இல்லை.

முதல் ஞாயிறு இரண்டு சங்கிலி அறுந்தது. கமா கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஔவைக் கொடுத்தான். ஔவை வைத்துக்கொண்டு யார் என்ன கிழித்தார்கள், ஔடதம் விற்கிற அக்காவே மருந்து என்றுதான் சொல்கிறாள் என்றான். அக்கா மிட்டாயை அமுக்கிவிட்டு, உங்கள் பாத்திரத்தின் பெயர் என்ன மந்திரவாதியாரே என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். மூடினான். மௌனி. தன் பெயரைத் தானே சொல்ல முடியாத முதல் மந்திரவாதி அவனாகத்தான் இருப்பான். வாரம் முழுக்க ஊரார் பிழையைத் திருத்துகிறவன், சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டான். புருஷன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அடுத்து ஐ போனது.

இரண்டாம் ஞாயிறு ஊவும் ஓவும். நடுவில் கமா தும்மினான். 'ஹச்சூ'வில் ஊ இருக்கிறது, சங்கிலி ஒன்று அறுந்தாயிற்று என்றாள் அக்கா. தும்மல் பேச்சாகுமா என்று கால் மணி நேரம் வழக்கு நடந்தது. கதைக்காரி தள்ளுபடி செய்தாள். மூன்றாம் ஞாயிறு ஈயும் ஏயும் போயின. டீயையும் கேட்க முடியாது, வேணும் என்றும் சொல்ல முடியாது. அவன் கொஞ்ச நேரம் உதட்டை மடித்து யோசித்துவிட்டு, "அண்ணி, அந்தச் சுடு பானம் தரலாமா?" என்றான். ஏதோ ராஜசபையில் கேட்டதுபோல இருந்தது. அவள் எழுந்துபோய் இருப்பதிலேயே நல்ல கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரம்தான் அவளுக்கு முதன்முதலாக ஏதோ செய்தது. மாலையில் அவன் போனபிறகு அவளும் தனியாக உட்கார்ந்து ஆறு உயிர் இல்லாமல் பேசிப் பார்த்தாள். இரண்டு சொல் தாண்டவில்லை. நாக்கு தானாகவே வழக்கமான தடத்தில் போய் விழுந்தது. இவன் எப்படி முழு வாக்கியமாகப் பேசுகிறான்? ஒவ்வொரு சொல்லையும் வெளியே விடுமுன் உள்ளே இடுக்கியால் எடுத்து நிறுத்துப் பார்க்கிறான். தன் வேலையை இன்னொருவன் வாயால் செய்வதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். பன்னிரண்டே பன்னிரண்டு மூச்சுகளை வைத்துக்கொண்டு இத்தனை கோடிப் பேர் காலங்காலமாகச் சண்டை போட்டு, கொஞ்சி, பொய் சொல்லி, தாலாட்டியிருக்கிறார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்தபோது அது வெறும் பாடம். இப்போது மேசைமேல் அதில் ஆறுதான் இருந்தது.

நாலாம் ஞாயிறு ஒவும் எவும் போயின. பேச்சு குறையக் குறைய மேசையே மாறிப்போனது. முன்பெல்லாம் கமா பேச ஆரம்பித்தால் ஆளாளுக்குப் போனைப் பார்ப்பார்கள். இப்போது அவன் வாயைத் திறந்தாலே மூவரும் முன்னால் குனிந்தார்கள். பகடை உருட்டுகிறவர்கள்கூடச் சத்தமில்லாமல் உருட்டினார்கள். பாறை ஒன்று உருண்டு வந்தபோது அவன், "இரும்பா, குனி!" என்று கத்தினான். புருஷன் நாற்காலியில் நிஜமாகவே குனிந்துவிட்டான்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. மந்திரத்தால் எல்லாவற்றையும் முடிக்க முடியாது என்று ஆனதும் இரும்பனுக்கு வேலை வந்தது. புருஷன் தன் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தான். "லிப்ட்டுக் கயிறு அறுந்தா லிப்ட் விழுந்துடும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. விழாது. வேகம் கூடினதும் ரெண்டு பக்கமும் இரும்புத் தாடை தண்டவாளத்தக் கவ்விப் பிடிச்சுக்கும். இந்த நகரத்துக்கும் அப்படி ஒண்ணு இருக்கணும். கட்டினவன் வைக்காம இருக்கமாட்டான்." அவள் எழுதிவைத்த கதையில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை. இருக்கிறது, உச்சியில் இருக்கிறது, அதன் நெம்புகோல் இறுகிக் கிடக்கிறது, யாராவது ஏறிப்போய் இழுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள். இருபது வருஷமாக ஊரார் உயிரைக் கம்பியில் தொங்கவிட்டு மேலும் கீழும் அனுப்புகிற மனுஷன். அவன் வேலையைப் பற்றி இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

ஐந்தாம் ஞாயிறு இயும் உவும் போகவேண்டி வந்தது. கமா அவள் பக்கம் திரும்பி, "அண்ணி" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. இ போனால் அந்தச் சொல் போகும் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கையைக் கூப்பிவிட்டு அக்காவுக்குத் தலையசைத்தான். இரண்டு மிட்டாய் விழுந்தன. இரும்பன் என்ற பெயரும் அதோடு போனது; அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

இனி இருந்தது அவும் ஆவும்தான். அவன் வாயிலிருந்து வந்தவை பேசப் பழகும் பிள்ளையின் சொற்களாக இருந்தன. "பாலம் தாங்கா" என்றான். அக்கா விழித்தாள். கதைக்காரிக்கே குழப்பம்.

"பாலம் தாங்காதுங்கறான். நம்ம எடை அதுக்கு அதிகம். ஒவ்வொருத்தரா போகணும்" என்றான் புருஷன், தாளிலிருந்து தலையை எடுக்காமலே.

கொஞ்ச நேரம் கழித்து கமா, "தாகம்" என்றான். சொல்லி முடிக்குமுன் புருஷன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னான்: "பேச ஆரம்பிச்சப்பவும் இவன் இப்படித்தான். இவன் சொல்றது வீட்ல ஒருத்தருக்கும் புரியாது. நான்தான் அம்மாகிட்டச் சொல்லுவேன்."

மந்திரவாதி என்று சொல்லவில்லை. இவன் என்றான். கமா டம்ளரைப் பார்த்துக்கொண்டே தண்ணீரைக் குடித்தான். இரண்டு பேருக்கும் ஒன்பது வயசு வித்தியாசம். அன்றைக்கு அவள் ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டாள்.

ஆறாம் ஞாயிறு. புருஷனின் சட்டைப் பையில் படிவம் மடித்தபடி இருந்தது. அதைக் கொடுக்க மறுநாள் கடைசி நாள். மூன்று மணிக்கு வழக்கம்போல எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள்.

இரும்பன் உச்சியை நோக்கி ஏறத் தொடங்கினான். பாதி வழியில் பதினோராவது சங்கிலி அறுந்தது. கமாவின் கையில் அவும் ஆவும். ஒன்றைக் கொடுக்கவேண்டும். அவன் ரொம்ப நேரம் அட்டையைப் பார்த்தான். ஆவை மட்டும் வைத்துக்கொண்டால் காக்கா, தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டியதுதான் என்றாள் அக்கா. ஆனால் அவள் குரலில் கேலி இல்லை. கமா ஆவைக் காட்டினான். மிட்டாய் விழுந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அட்டையில் பதினோரு கிழிசல்களும் ஓர் எழுத்தும் மிச்சம்.

புருஷன் ஏறிக்கொண்டே இருந்தான். எந்தக் கையை எங்கே வைக்கிறான், எந்தத் தண்டவாளத்தில் எண்ணெய் வழுக்கும், எங்கே காலை ஊன்றலாம் என்று அவன் சொல்லச் சொல்ல, கதை சொல்கிறவள் யார் என்றே தெரியாமல் போனது. முன்னால் சாய்ந்தபோது மேசை ஆடியது. பேச்சை நிறுத்தாமலே சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து, இன்னும் இரண்டாக மடித்து, குனிந்து மேசைக் காலுக்கு அடியில் சொருகினான். மேசை நின்றது. என்ன தாள் அது என்று அவன் பார்க்கக்கூட இல்லை. அவள் பார்த்தாள். கதையைத் தொடர ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவேண்டியிருந்தது.

உச்சி. கும்மிருட்டு. இரும்பன் நிற்கும் பலகை முறிகிறது. தாவியாக வேண்டும். ஒரு பக்கம் நெம்புகோல், இன்னொரு பக்கம் பள்ளம். எது எந்தப் பக்கம் என்று இருட்டிலும் பார்க்கிற கண் மௌனி ஒருவனுக்குத்தான் உண்டு. அவள் ஒரு சீட்டில் 'வலம்' என்று எழுதி கமாவிடம் மட்டும் காட்டினாள். வலம் என்ற சொல்லில் அ மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் வைத்திருந்தாள். அந்த மட்டுக்கு அவளுக்குத் தன்மேல் பெருமை.

கமா வாயைத் திறந்தான்.

"காத்து இருக்கு. முதல்ல கூப்பிடணும்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. இரும்பன் என்ற பெயர் போன வாரமே போய்விட்டது. வாள்வீரர் எப்போதோ போயாயிற்று. அவன் கையில் இருப்பது அகரம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு எதிரே இருக்கிற மனுஷனைக் கூப்பிட உலகத்தில் எத்தனை சொல் இருக்கிறது? அவள் மனசுக்குள் தேடினாள். ஒன்றுதான் அகப்பட்டது. இதை அவள் திட்டமிடவில்லை. யாருமே திட்டமிடவில்லை. ஒரு தாளில் இடம் போதாமல் விட்டுப்போன ஒரு புள்ளி ஆறு வாரமாக அவனிடமிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி, கடைசியில் அவனை இந்தச் சொல்லின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

கமாவுக்கும் தெரிந்துவிட்டது. அவன் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தலாமே என்று அக்கா அவள் காதோடு சொன்னாள். பதினைந்து வருஷத்தில் மயிரிழை தப்பான ஒரு தராசுக்குக்கூட முத்திரை குத்தாதவள், அன்றைக்குத் தளர்த்தத் தயாராகத்தான் இருந்தாள். வேண்டாம்ப்பா, காற்று நின்றுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அண்ணன்" என்றான் கமா.

வெளியே தெருவில் ஏதோ வண்டி போனது. புருஷன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணன். வலம்." அவன் குரல் உடைந்திருந்தது. "கவனம்."

நாலு வருஷம் பூட்டிக் கிடந்த சொல். அகரத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத சொல். பதினோரு உயிரும் போன பிறகும் போகாமல் அடியில் அது கிடந்திருக்கிறது. இந்த மொழியைக் கட்டியவர்கள் யாரோ, அவர்களும் கீழே விழாமல் கவ்விப் பிடிக்க ஒன்றை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

"கேட்டுது" என்றான் புருஷன். "வலப்பக்கம் தாவறேன்."

தாவுவதற்குப் பகடை வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். கூப்பிட்டவன் குரலை நம்பித் தாவுகிறவனுக்கு என்ன பகடை?

அவன் கை நெம்புகோலைத் தொட்டபோது பன்னிரண்டாவது சங்கிலி அறுந்தது. அது அவள் முதல் நாளே எழுதிவைத்தது, மாற்ற முடியாது. கமா அட்டையை எடுத்தான். அவன் விரல் கடைசி மிட்டாயின்மேல் இருந்தது. அதையும் கொடுத்தால் மந்திரவாதி வெறும் மெய்தான். உதடு அசையும், சத்தம் வராது.

புருஷன் எழுந்து மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அந்த விரலைப் பிடித்துக்கொண்டான்.

"அது இருக்கட்டும்டா. அத நீ வச்சுக்க. இத நான் பிடிச்சுக்கறேன்."

பிடித்த கையை விடாமலே மறுகையால் பகடையை உருட்டினான். பதினைந்துக்கு மேல் விழவேண்டும். பதினேழு விழுந்தது. நகரம் ஒரு ஜாண் இறங்கியது. இரும்புத் தாடைகள் தண்டவாளத்தைக் கவ்வின. தீப்பொறி பறந்தது. அப்புறம் நின்றது. அடியில்லாத பள்ளத்தின்மேல் அறாத சங்கிலி ஒன்றுகூட இல்லாமல், வீடும் விளக்குமாக ஒரு நகரம் அப்படியே நின்றது.

"ஆட்டம் முடிஞ்சுது" என்றாள் கதைக்காரி.

மருந்துக்கடை அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். பன்னிரண்டு எழுத்தும் முன்கூட்டியே எழுதியிருந்தாள். விரல் வைத்து அ, ஆ, இ, ஈ என்று ஔ வரைக்கும் ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்லாம் திரும்பி வந்தாச்சு, இனி என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்றாள்.

மூன்று பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். ஆறு வாரத்துப் பேச்சு உள்ளே தேங்கிக் கிடக்கும், மடை திறந்ததுபோலக் கொட்டப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் புது அட்டையை எடுத்து, ஆ என்ற எழுத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"அண்ணா" என்றான்.

அண்ணன் என்றால் மூன்று மாத்திரை. அண்ணா என்றால் மூன்றரை. கூடுதலாக வந்தது அரை மாத்திரைதான். அவளுடைய ஆபீஸில் இருக்கும் எந்தத் தராசாலும் அந்த அரையை நிறுத்துச் சொல்ல முடியாது.

"அண்ணா, அப்பா கடைசியா என்ன சொன்னார்?"

நாலு வருஷமாக அவன் கேட்காத கேள்வி அது. எழுந்து நின்றிருந்த புருஷன் நாற்காலியைத் தம்பி பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேசை ஆடவில்லை.

"சொல்றேன். ரெண்டு நாளு பேசினார். எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றான்.